இடது பின்கதவின் பல்சக்கரம்

புதன்கிழமை காலையில் என் வண்டியில் கறை பட்ட பாகம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி இருந்தது. இடது பின்கதவின் கண்ணாடியை ஏற்றி இறக்குகிற பிளாஸ்டிக் பல்சக்கரம். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வண்டி பார்க்க வருகிறார்கள். அதற்குள் அதை மாற்றியாக வேண்டும். இல்லையென்றால் என் மகள் நிறைமதியின் கல்யாணம் நின்றுபோகும்.

வண்டி பார்க்க என்றுதான் சொன்னேன். பெண்ணைப் பார்க்க என்ன இருக்கிறது? அவளும் அந்தப் பையன் அகரனும் நாலு வருஷமாக ஒரே ஆபீசில் வேலை செய்கிறவர்கள். ஜாதகத்தை இப்போதெல்லாம் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. வண்டிப் பாகங்களின் பட்டியலைத்தான் கேட்கிறார்கள். வெட்கமில்லாமல் வாசலிலேயே கேட்கிறார்கள்.

இதை ஆரம்பித்து வைத்தவன் யார் என்று தெரிந்தால் நேரில் போய் நன்றாகக் கேட்டுவிட்டு வருவேன். வண்டியின் சிறு பாகங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது நானும் கைதட்டியவன்தான். கடுகளவு சில்லு. அந்தப் பாகம் எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எப்படி வேலை செய்தது என்று எழுதி வைத்துக்கொள்ளும். போலி சாமான் ஒழியும், விபத்தில் யார் தப்பு என்று தெரியும் என்றார்கள். கூடவே இன்னொன்றையும் வைத்தார்கள். வண்டிக்குள் ஓர் உயிர் போனால் சீட்டில் இருக்கிற சென்சார் நாடி நின்றதைக் கண்டுபிடித்து, அந்த வண்டியின் எல்லாப் பொட்டிலும் அதே நொடியில் ஒரு குறி போட்டுவிடும். அதை அழிக்க முடியாது. அரசாங்கத் தாளில் அதற்கு நிகழ்வுக் குறி என்று பெயர். ஜனங்கள் வைத்த பெயர் கறை.

தப்பு யார் மேல் என்று அந்தக் குறி சொல்லாது. வண்டியில் சாவு விழுந்தது, அவ்வளவுதான் சொல்லும். நம் ஆட்களுக்கு அது போதாதா? கறை வண்டியைப் பல குடியிருப்புகளில் உள்ளே விடுவதில்லை. ஆயுத பூஜையன்று பக்கத்து வண்டிக்காரர் தன் வண்டியைத் தள்ளி நிறுத்திக்கொள்வார். கறை வண்டி வைத்திருக்கிற வீட்டில் பெண் எடுப்பதில்லை, கொடுப்பதும் இல்லை. ரோட்டில் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால் எல்லாரும் பத்தடி தள்ளி நின்று ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுவார்கள். தூக்கிப் போட்டுக்கொண்டு போய், வழியில் உயிர் போய்விட்டால்?

நான் அப்படி ஒருவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். பதினொரு வருஷம் ஆகிறது. நீலாம்பூர் பக்கம், லாரி அடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் என் வண்டியின் பின்சீட்டில் அவர் இறந்துவிட்டார். வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடத்திவிட்டுப் பெயர் சொல்லாமல் வந்துவிட்டேன். என் மனைவி ரேணுகாவுக்கும் தெரியாது, மகளுக்கும் தெரியாது. சீட்டை நானே கழுவினேன்.

அன்றிலிருந்து வண்டியை எந்த மெக்கானிக்கிடமும் விட்டதில்லை. பொட்டைப் படிக்கிற ரீடரை வைத்தால் தெரிந்துவிடுமே! பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன், ஸ்பேனர் பிடிக்கத் தெரியும். பொட்டு இருந்த பாகங்கள் மொத்தம் நாற்பத்திமூன்று. வைப்பர் புஷ், கதவு கிளிப்பு, பெல்ட் பக்கிள், ஆக்சிலரேட்டர் ஸ்பிரிங் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து மாற்றினேன். ஞாயிற்றுக்கிழமையானால் வண்டிக்கடியில் படுத்துக்கொள்கிற பைத்தியம் என்று ரேணுகா என்னைப் பற்றிச் சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உடைத்துப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினால் வண்டி ஏற்காது. பழைய பாகத்தை ஏதாவது ஒரு பழைய சாமான் கடையில் ஒப்படைத்தாக வேண்டும். நல்லவேளை, கழற்றிய பாகத்தில் உரிமையாளர் பெயரும் வண்டி நம்பரும் தங்காது. மற்றதெல்லாம் தங்கும். அதனால் ஒரு கடையில் இரண்டு முறை நான் போனதில்லை. ஒன்றைத் திருப்பூரில் கொடுத்தேன், ஒன்றை ஈரோட்டில், ஒன்றைப் பொள்ளாச்சியில். யாரும் என்னைக் கவனிக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தப் பல்சக்கரம் மட்டும் இரண்டு வருஷமாகச் சிக்கவில்லை. இந்த மாடல் நின்றே பதினாலு வருஷம் ஆகிறது. கடைக்காரர்கள் முழுக் கதவைத் தருகிறேன் என்கிறார்கள், சக்கரத்தைத் தனியாகக் கழற்றித் தர மாட்டார்களாம். தாங்களே வண்டியை ரிப்பேர் செய்கிறவர்களின் குழு ஒன்று போனில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை அதில் ஒரு செய்தி வந்தது. எந்த மாடல் என்று எழுதி, இடது பின்கதவுக் கண்ணாடிச் சக்கரம், கறையில்லாதது, ஒன்று இருக்கிறது, நேரில் வரவும், பூங்கோதை, உக்கடம் என்று இருந்தது.

சந்தோஷம் வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. அதே மாடல், அதே கதவு. வலது பக்கம் என்று கூட இல்லை, முன்கதவு என்று கூட இல்லை. எனக்கு வேண்டியதை இவள் எப்படி இவ்வளவு கச்சிதமாகக் கூவி விற்கிறாள்? இன்சூரன்ஸ்காரனின் ஏற்பாடோ என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டார் ஆள் வைத்து ஆழம் பார்க்கிறார்களோ என்று நினைத்தேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள்தான் இருந்தது. வண்டியை எடுக்காமல் பஸ்ஸில் போனேன். முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டேன்.

உக்கடத்தில் மற்ற கடைகளில் சாமான் மலை மாதிரி குவிந்திருக்கும். இந்தக் கடையில் ஒரு மேசை, ஒரு ரீடர், பின்னால் பூட்டிய மர பீரோ. அந்த அம்மாவுக்கு ஐம்பது ஐம்பத்திரண்டு வயதிருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். உட்காரச் சொன்னார், டீ சொல்லட்டுமா என்றார். பழைய சாமான் கடையில் எவர் டீ வாங்கித் தருகிறார்? வேண்டாம் என்றேன். வண்டி எந்த வருஷம் என்றார், ஒரு வருஷத்தைக் கூட்டிச் சொன்னேன். எந்த ஊர் என்றார், மேட்டுப்பாளையம் என்றேன்.

சக்கரத்தை எடுத்து ரீடரில் வைத்துக் காட்டினார். பச்சை விளக்கு எரிந்தது. பொட்டைப் பெயர்த்து ஒட்டுகிற கில்லாடிகள் உண்டு என்பதால் என் பூதக்கண்ணாடியை எடுத்து ஓரம் ஓரமாகப் பார்த்தேன். வார்க்கும்போதே பதித்த பொட்டுதான். குறை சொல்ல ஒன்றும் இல்லாததே எனக்குக் குறையாக இருந்தது.

இந்தச் சக்கரத்தில் பதின்மூன்று பல், பதினாலு பல் என்று இரண்டு தினுசு உண்டு என்று அவர் சொன்னார். பழசைப் பார்க்காமல் எப்படித் தருவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இந்தத் தொழிலில் பழசைக் காட்டித்தான் புதுசு வாங்குவார்கள். பதினொரு வருஷமாக நான் அந்தத் தப்பைச் செய்ததில்லை. அளவெடுத்துத் தாளில் வரைந்துதான் கொண்டுபோவேன். ஆனால் இந்தச் சக்கரத்தில் பாதிப் பல் தேய்ந்து மழுங்கியிருந்தது, எண்ணவே முடியவில்லை. கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். கையிலேயே பிடித்துக்கொண்டு காட்டிவிட்டுத் திரும்ப வைத்துக்கொள்வதாகத் திட்டம்.

வெளியே எடுத்தேன். அவர் பிடுங்கவில்லை, ஒன்றும் செய்யவில்லை. உள்ளங்கையை மட்டும் நீட்டினார். பதினொரு வருஷமாகக் கடை கடையாகச் சாமான் கொடுத்து வாங்கிய கை இது. தானாகப் போய் அவர் கையில் வைத்துவிட்டது! அட மடையா என்று எனக்கு உறைத்தபோது சக்கரம் ரீடரில் இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது.

அவர் ஆச்சரியப்படவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் தேதியையும் நேரத்தையும் படித்தார். பிறகு எழுந்து போய் பீரோவைத் திறந்தார். உள்ளே தட்டுத் தட்டாகச் சின்னச் சின்ன டப்பாக்கள். முதல் டப்பாவில் இருந்த வைப்பர் புஷ்ஷின் ஓரத்தில் என் ஸ்குரூடிரைவர் வழுக்கிக் கீறிய தடம் இருந்தது. அடுத்ததில் என் பெல்ட் பக்கிள். அதற்கடுத்ததில் நான் பொள்ளாச்சியில் கொடுத்த ஸ்பிரிங்.

"என்ன வேணுமுங்க உங்களுக்கு?" என்றேன். அதட்டிக் கேட்பதாகத்தான் நினைப்பு, குரல் எழும்பவில்லை.

"நாப்பத்திரெண்டு இருக்குதுங்க. இது ஒண்ணுதான் வரல," என்றார். "அன்னிக்கு உங்க வண்டில போனது எங்க வீட்டுக்காரருங்க. திருமூர்த்தி."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவரே மெல்லச் சொன்னார். ஆஸ்பத்திரியில் உடலைத்தான் கொடுத்தார்களாம். கொண்டுவந்தது யார், என்ன வண்டி என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வருஷம் கழித்து இந்த அம்மாவின் தம்பி நடத்துகிற பழைய சாமான் கடைக்கு ஒரு பெல்ட் பக்கிள் வந்திருக்கிறது. கறை பட்ட தேதியும் நேரமும் கணவர் இறந்ததோடு ஒத்துப்போனதைப் பார்த்ததும் இவருக்கு உயிரே போய்விட்டதாம். யாரோ அந்த வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிப் போடுகிறார்கள் என்று புரிந்துகொண்டு, எல்லா ஊர்க் கடைக்காரர்களிடமும் சொல்லி வைத்து, வந்ததையெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார். அதற்காகவே கடையும் போட்டாராம். கடைசியில் சக்கரம் மட்டும் வராமல் போகவே, அதே மாதிரி நல்லது ஒன்றைத் தேடிப் பிடித்துக் குழுவில் எழுதிவிட்டுக் காத்திருந்திருக்கிறார்.

ஆக, தூண்டில்தான். என் சந்தேகம் சரி என்று அப்போதும் மனசுக்குள் ஒரு மூலை சொல்லிக்கொண்டது. இந்த அம்மா வெளியே ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஞாயிற்றுக்கிழமை யாரும் வரமாட்டார்கள்.

"அவரு ஏதாச்சும் சொன்னாருங்களா?" என்று கேட்டார்.

"தண்ணி கேட்டாருங்க. குடுத்தேன். அவ்வளவுதானுங்க."

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஒரு டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார். பின்சீட்டின் சென்சார்.

"இதுல பன்னெண்டு நிமிஷம் எடை இருக்குதுங்க. அப்பறம் வண்டி நிக்குது. கதவு தொறக்குது. நாலு நிமிஷம் சீட்டு காலி. அப்பறம் மறுக்கா எடை வருது, வண்டி கெளம்புது. ஆறு நிமிஷத்துல கறை விழுந்திருக்குது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ரெண்டே நிமிஷம்." குரல் உயரவே இல்லை. "மோதிரத்தக் கழட்டுனாங்களோன்னு நெனப்பேன். அடிச்சவனே இவனாத்தான் இருக்குமோன்னு நெனப்பேன். பதினோரு வருஷமா அந்த நாலு நிமிஷத்துலதானுங்க நான் குடியிருக்கறேன். தண்ணின்னு சொல்லாதீங்க."

அந்த ரெண்டு நிமிஷக் கணக்கு எனக்கும் மனப்பாடம். நாலு நிமிஷம் நிற்காமல் போயிருந்தால் அவர் உயிரோடு ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியிருப்பார். கறைக்குப் பயந்து பாகம் மாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேனே தவிர, அந்த நாலு நிமிஷம் எந்தப் பாகத்தில் ஒளிந்திருக்கிறதோ என்று பயந்துதான் ஒவ்வொன்றையும் கழற்றினேன். மாஸ்க்கைக் கழற்றினேன்.

"அவருதானுங்க சொன்னாரு," என்றேன். "‘தம்பி, எனக்கு முடியாதுன்னு தோணுது, உங்க வண்டி கறையாயிருமுங்க, எறக்கி விட்டுருங்க’ன்னாரு. பேசாம இருங்கன்னேன். மறுக்காவும் சொன்னாரு. மூணாவது தடவ சொன்னப்ப நான் நிறுத்திட்டேன்."

"நிறுத்தி?"

"எறக்கிட்டேனுங்க. ஒரு மரத்துல சாய்ச்சு உக்கார வெச்சேன். ஆம்புலன்சுக்குச் சொல்றேன்னு சொல்லிட்டு வண்டில வந்து ஏறிட்டேன்."

"அப்பறம் ஏன் மறுக்கா ஏத்துனீங்க?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வாய்விட்டுத் தனியாகக் கூடச் சொன்னதில்லை.

"‘ரொம்ப நன்றிங்க’ன்னாரு. எறக்கி விட்டதுக்கு. சாவியத் திருப்பறேன், கை வரலீங்க. கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அப்பறம் எறங்கிப் போயித் தூக்கிட்டு வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"பஸ்ஸ விட்டு எறங்குனா கண்டக்டருக்குச் சொல்லுவாருங்க, ரொம்ப நன்றிங்கன்னு. நான் திட்டுவேன். காசு குடுத்துத்தான ஏறுனீங்க, அவனுக்கெதுக்கு நன்றின்னு," என்றார். "அவருதான். அது அவரேதான்."

வெகுநேரம் அழுதார். நானும் அழுதேன், சொல்வதற்கென்ன. பிறகு அவர் என் பழைய சக்கரத்தை ஒரு டப்பாவில் போட்டு மூடி பீரோவில் வைத்தார். புதியதைத் தாளில் மடித்து என்னிடம் கொடுத்தார். வெளியே சொல்லிவிடுவீர்களா என்று கேட்க வாயெடுத்தேன், எனக்கே அசிங்கமாக இருந்தது. அவரே புரிந்துகொண்டார்.

"யாருகிட்டச் சொல்லி எனக்கென்ன ஆகோணும்? நாலு நிமிஷத்த மன்னிக்க எனக்கு வரலீங்க. தூக்கிட்டுப் போன ஆளப் பாத்தாக் கும்புடோணுமின்னு நெனச்சிருந்தேன், அதுவும் வரல. போயிட்டு வாங்க."

சனிக்கிழமை கதவைப் பிரித்துச் சக்கரத்தை மாட்டினேன். கண்ணாடி சத்தமில்லாமல் ஏறி இறங்கியது. ரீடரை வைத்தால் நாற்பத்திமூன்றும் பச்சை. ரேணுகா வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நிறைமதி வந்து, "தேங்க்ஸ்ப்பா, எனக்காக இவ்வளவு பண்றீங்க," என்றாள். நான் கையைக் கழுவிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா லோகநாதன் சாதுவான மனிதர், தாராபுரத்தில் கருவாடு மொத்த வியாபாரம். பெண்கள் உள்ளே போனதும் ரீடரை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்ற ஆரம்பித்தார். நான் பின்னாலேயே போனேன். மனிதர் பச்சை விளக்கைப் பார்க்கவே இல்லை, பாகங்கள் மாட்டிய தேதியைப் பார்த்துக்கொண்டே போனார். இடது பின்கதவுக்கு வந்ததும் நின்றார். மாட்டிய தேதி நேற்று என்று அதில் இருக்கும்.

"இருவத்திரெண்டு வருஷ வண்டி. பொறக்கறப்ப இருந்த பாகம் ஒண்ணுகூட இல்லீங்களே," என்றார்.

முடிந்தது கதை என்று நினைத்தேன். அவர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"எந்த ரோட்டுலங்க?"

அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்குத் தெரியும்? "நீலாம்பூருங்க," என்றேன்.

"எனக்குக் காங்கயம் ரோடு. ஆறு வருஷமாச்சு. காலேஜ் போற ஒரு புள்ளைங்க. ஆஸ்பத்திரி வாசல்ல உசுரு போயிருச்சு." இன்னும் ஒன்பது பாகம் மாற்ற வேண்டியிருக்கிறதாம் அவருக்கு. வீட்டில் யாருக்கும் தெரியாதாம். ஊரில் முழுசாகச் சுத்தமாக இருக்கிற பழைய வண்டியைப் பார்த்தாலே தனக்கு இப்படித்தான் தோன்றும் என்றார். என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "நல்ல எடத்துலதானுங்க வந்து சேந்திருக்கறோம்," என்றார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்தது. புத்தியுள்ளவன் எவனும் அதைத்தான் செய்திருப்பான். என் மகள் உள்ளே இருக்கிறாள், தேதி குறிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்த மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு என்னை நல்லவன் என்று சொல்லும்போது என்னால் கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை. புதன்கிழமை ஒரு தடவை திறந்த வாய், மூடவில்லை. சொல்லிவிட்டேன். மரத்தடியில் இறக்கி விட்டதையும், நாலு நிமிஷத்தையும், ரெண்டு நிமிஷத்தையும் சொன்னேன்.

அவர் என் கையை விட்டார். கோபமாக விடவில்லை, மெதுவாகத்தான் விட்டார். ரீடரை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கூடத்தில் அவர் குரல் கேட்டது. "வண்டி சுத்தமுங்க. தேதி குறிச்சிரலாம்." என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள். சம்பந்தி தங்கமான மனிதர், அன்றைய பேச்சை யாரிடமும் மூச்சு விட்டதில்லை. தீபாவளிக்கு என்னைக் கட்டிப்பிடித்தார். ஒன்று மட்டும் உண்டு. எங்காவது சேர்ந்து போவதாக இருந்தால் எதையாவது சொல்லிவிட்டுத் தன் வண்டியில் பின்னாலேயே வருவார். என் வண்டியில் அவர் ஒரு தடவை கூட ஏறியதில்லை.

போன மாசம் அவரை எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போன அகரனும் நிறைமதியும் சாயங்காலம் திரும்பி வந்தபோது, மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் வலி வந்திருந்தது. வேர்த்துக் கொட்டியது. அகரனின் வண்டியை அடுத்த தெருவில் நிறுத்தியிருந்தார்கள், என் வண்டி வாசலிலேயே நின்றது. நான் சாவியை எடுத்துக்கொண்டு ஓடிப் பின்கதவைத் திறந்தேன். தாங்கிக்கொண்டு வந்த மகனின் தோளை அவர் இறுக்கிப் பிடித்தார்.

"வேண்டாங் கண்ணு. ஆட்டோ கூப்புடு," என்றார்.

ஆட்டோவில்தான் போனார். வெறும் வாயு என்று சொல்லி ராத்திரியே அனுப்பிவிட்டார்கள். என் வண்டிக்கு மறுபடியும் கறை பட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரா, வழியில் நான் இறக்கி விட்டுவிடுவேன் என்று பயந்தாரா? என் வண்டி வாசலிலேயே நிற்க அவர் ஏன் ஆட்டோ கேட்டார் என்ற கேள்வியோடுதான் நிறைமதியும் என்னைப் பார்க்கிறாள் என்று நினைக்கிறேன். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். எனக்குத் தைரியம் வரவில்லை.